எஸ்எஸ்எச் கட்டளையும் அதன் ஆப்ஷன்களும்

எஸ்எஸ்எச் கட்டளைக்குப் பின்னால் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்: நுழைய வேண்டிய கணினியின் பெயர். மற்ற எல்லாவற்றையும் அது தானாகவே ஊகித்துக்கொள்கிறது. இந்தக் கணினியில் பயனர் எந்தப் பெயரில் இருக்கிறாரோ அதே பெயர்தான் அங்கேயும் என்பது முதல் ஊகம். மறுமுனையில் 22ஆம் போர்ட்டில் சர்வர் காத்திருக்கிறது என்பது இரண்டாவது. அடையாளம் காட்டும் சாவி, ஹோம் ஃபோல்டருக்குள் டாட் எஸ்எஸ்எச் என்ற மறைவான ஃபோல்டரில் வழக்கமான பெயரில் இருக்கிறது என்பது மூன்றாவது. வந்தவர் அங்கே ஒரு ஷெல்லைத் திறந்து உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறார் என்பது நான்காவது. கையேட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் உள்ளன. அவற்றுள் அன்றாடம் பயன்படுபவை பெரும்பாலும் இந்த நான்கு ஊகங்களில் ஏதேனும் ஒன்றைத்தான் மாற்றுகின்றன. எந்த ஊகத்தை எது மாற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் தேவைப்படாது.

ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. எழுத்து சிறியதா பெரியதா என்பது முக்கியம். சிறிய எல் பயனர் பெயரைச் சொல்வது, பெரிய எல் சுரங்கப்பாதை அமைப்பது, இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்த உரையில் கோட்டைச் சொல்லாமல் எழுத்து மட்டும், சிறியது பெரியது என்ற அடைமொழியோடு சொல்லப்படும்.

வந்த வழி

எஸ்எஸ்எச்சுக்கு முன்பு, தொலைவிலுள்ள கணினியில் நுழையும் வேலையை டெல்நெட்டும் ஆர்லாகினும் செய்தன. ஆர்பாநெட் காலத்தில், 1969இல் தொடங்கியது டெல்நெட். 1983இல் ஆர்எஃப்சி 854 அதற்கு நிலையான வடிவம் தந்தது. அதன் போர்ட் எண் 23. ஆர்லாகினும் அதன் கூட்டாளிகளான ஆர்எஸ்எச், ஆர்சிபி ஆகியவையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸிலிருந்து வந்தவை. டெல்நெட்டிலும் ஆர்லாகினிலும் தட்டும் கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகும். இடையில் ஒட்டுக்கேட்பவர் அதைப் படித்துவிடலாம்.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனன் அதைத் தொடர்ந்து எழுதிய நிரலே எஸ்எஸ்எச். கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி 21ஆம் போர்ட்டிலும் டெல்நெட் 23ஆம் போர்ட்டிலும் இருந்தன. இரண்டின் வேலையையும் இது ஏற்கும் என்பதால் நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். அந்த நிரலின் ஆரம்பகாலக் கட்டற்ற பதிப்பிலிருந்து ஓப்பன்பிஎஸ்டி குழு உருவாக்கியது ஓப்பன்எஸ்எஸ்எச். 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 2.6உடன் அது வெளிவந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்று எஸ்எஸ்எச் என்று தட்டினால் பெரும்பாலும் ஓடுவது இதுதான். 2018 முதல் விண்டோஸ் 10இலும் இதுவே உடன் வருகிறது. இங்கு விளக்கப்படும் ஆப்ஷன்களும் இதனுடையவையே.

பழைய நிரல்களின் இடத்தில் உட்கார வந்ததால், அவற்றின் பழக்கங்களையும் எஸ்எஸ்எச் ஏற்றுக்கொண்டது. சிறிய எல், சிறிய என், சிறிய இ ஆகிய மூன்றும் ஆர்லாகினிலோ ஆர்எஸ்எச்சிலோ இருந்தவை. ஆர்எஸ்எச் என்று எழுதியிருந்த ஸ்கிரிப்ட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் வேலை நடக்க வேண்டும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு.

வரியின் ஒழுங்கு

கட்டளை வரி நான்கு பகுதிகளாக அமைகிறது: எஸ்எஸ்எச் என்ற சொல், ஆப்ஷன்கள், கணினியின் பெயர், அங்கே ஓட வேண்டிய கட்டளை. கடைசிப் பகுதி கட்டாயமில்லை. கணினியின் பெயருக்குப் பின்னாலும் ஆப்ஷன்களைத் தரலாம். ஆனால் மறுமுனைக் கட்டளையின் முதல் சொல் வந்துவிட்டால், அதன் பிறகு வரும் எதையும் எஸ்எஸ்எச் தனக்கென்று எடுத்துக்கொள்ளாது. அத்தனையும் மறுமுனைக்குப் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். எஸ்எஸ்எச், சிறிய எல், குமார், கணினியின் பெயர், எல்எஸ், மறுபடியும் சிறிய எல் என்று ஒரு வரி. இதில் சிறிய எல் இரண்டு முறை வருகிறது. முதலாவது எஸ்எஸ்எச்சுக்கு உரியது. குமார் என்ற பயனராக நுழையச் சொல்கிறது. இரண்டாவது எல்எஸ் கட்டளைக்கு உரியது. கோப்புகளை விரிவான பட்டியலாகக் காட்டச் சொல்கிறது. எழுத்து ஒன்றுதான், நிற்கும் இடம்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

மதிப்பு தேவைப்படாத ஆப்ஷன்களை ஒரே கோட்டுக்குப் பின் சேர்த்து எழுதலாம். சிறிய எஃப்பையும் பெரிய என்னையும் தனித்தனியாகத் தட்டுவதும் சேர்த்துத் தட்டுவதும் ஒன்றே. மதிப்பு கேட்கும் ஆப்ஷன் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அது கடைசியில்தான் நிற்க வேண்டும். அடுத்து வருவதை அது தன் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். பல லினக்ஸ் கட்டளைகளில் உள்ளதுபோல இரட்டைக் கோட்டோடு தொடங்கும் நீண்ட பெயர் ஆப்ஷன்கள் எஸ்எஸ்எச்சில் கிடையாது. தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டுக்கு மட்டும் ஒரு பொருள் உண்டு: ஆப்ஷன்கள் இத்துடன் முடிந்தன.

யாராக, எங்கே

பயனர் பெயரைச் சிறிய எல் கொண்டு தரலாம். பெயர், அட் குறி, கணினியின் பெயர் என்று மின்னஞ்சல் முகவரி போலவும் எழுதலாம். இரண்டாவது வழியே இன்று பரவலாக உள்ளது. முதல் வழி ஸ்கிரிப்ட்டுகளில் வசதியானது. பெயரும் கணினியும் வெவ்வேறு மாறிகளில் இருக்கும்போது ஒட்டிச் சேர்க்க வேண்டியதில்லை.

போர்ட் எண்ணைச் சொல்வது சிறிய பி. 22ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களின் தொல்லை குறையட்டும் என்று சிலர் சர்வரை 2222 போன்ற வேறு எண்ணுக்கு மாற்றி வைப்பார்கள். அப்போது இந்த ஆப்ஷன் தேவைப்படும். கணினியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து எண்ணை ஒட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. முழுவதையும் ஒரு கணினியின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கணினி இல்லை என்று எஸ்எஸ்எச் திருப்பி அனுப்பிவிடும்.

கோப்புகளை அனுப்பும் எஸ்சிபியிலும் எஸ்எஃப்டிபியிலும் போர்ட்டுக்கு எழுத்து பெரிய பி. பழைய ஆர்சிபியில் சிறிய பி, கோப்பின் தேதியையும் அனுமதிகளையும் மாறாமல் வைக்கும் ஆப்ஷனாக இருந்தது. அந்தப் பொருளோடு எஸ்சிபி அதை ஏற்றுக்கொண்டதால், போர்ட்டுக்குப் பெரிய எழுத்து போனது. எஸ்சிபியில் சிறிய பியும் 2222உம் தட்டினால், 2222 என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடி, இல்லை என்று முறையிடும்.

ஒரே கணினிக்கு இரண்டு வகை இணைய முகவரிகள் இருந்து, ஒரு வகையில் மட்டும் பாதை அடைபட்டிருந்தால் 4 அல்லது 6 என்ற எண்ணையே ஆப்ஷனாகத் தரலாம். 4 பழைய வகை முகவரியை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது, 6 புதிய வகையை. இணைக்க முயன்றுவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கும் எஸ்எஸ்எச், 4 தந்ததும் உடனே நுழைந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

நேராகப் போக முடியாத கணினிகளும் உண்டு. நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்களுக்கு வெளியிலிருந்து வழி ஒன்றுதான்: வாயிலில் நிற்கும் ஒரு கணினி. அதில் நுழைந்து, அங்கிருந்து மறுபடியும் எஸ்எஸ்எச் தட்டி உள்ளே போவது பழைய முறை. 2016இல் வந்த 7.3 பதிப்பு இதற்குப் பெரிய ஜே என்ற ஆப்ஷனைத் தந்தது. அதன்பின் வாயில் கணினியின் பெயரை எழுதினால், எஸ்எஸ்எச் அதன் வழியாகவே உள் சர்வரோடு நேரடியாகப் பேசும். பல வாயில்கள் இருந்தால் காற்புள்ளி இட்டு வரிசையாக எழுதலாம். உள் சர்வருடனான உரையாடல் முழுவதும் மறைகுறியாக்கத்தில் செல்வதால் வாயில் கணினியால் அதைப் படிக்க முடியாது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே வரியில் தரும் போர்ட்டும் சாவியும் பொதுவாக உள் சர்வருக்கே பொருந்தும், வாயிலுக்குப் பொருந்தா. வாயிலுக்கான சாவி போன்ற அமைப்புகளை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

எந்தச் சாவியோடு

தனிச்சாவி இருக்கும் கோப்பைக் காட்டுவது சிறிய ஐ. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் ஒன்றுக்குள் முதன்முறை நுழைபவர்கள் பெரும்பாலும் இந்த ஆப்ஷனைத்தான் முதலில் சந்திக்கிறார்கள். இணையத்திலிருந்து சாவிக் கோப்பை இறக்கி, சிறிய ஐயோடு கொடுத்ததும், கோப்பின் அனுமதிகள் மிகத் திறந்திருக்கின்றன என்று எஸ்எஸ்எச் எச்சரித்து அந்தச் சாவியைத் தள்ளிவிடும். அதே கணினியில் உள்ள பிற பயனர்கள் படிக்கக்கூடிய இடத்தில் இருக்கும் தனிச்சாவியை அது பயன்படுத்தாது. கோப்பின் அனுமதியை 600 ஆக்கினால், அதாவது உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும் என்று வைத்தால், அதே வரி மறுபேச்சின்றி வேலை செய்யும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. சரியான சாவியைக் காட்டியும், அடையாளச் சோதனையில் தோல்விகள் அதிகமாகிவிட்டன என்று சர்வர் வெளியே தள்ளுவதுண்டு. சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற துணைநிரலில் பல சாவிகள் சேர்ந்திருந்தால் இது நேரும். சிறிய ஐயில் காட்டிய சாவி ஏஜென்ட்டில் இல்லையென்றால், அங்கிருக்கும் சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக நீட்டிய பிறகுதான் எஸ்எஸ்எச் அதற்கு வரும். ஓர் இணைப்பில் ஆறு முயற்சிகள் என்பது ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரின் வழக்கமான வரம்பு. சரியான சாவியின் முறை வருமுன் வரம்பு தீர்ந்துவிடும். காட்டிய சாவியை மட்டும் நீட்டு என்று சொல்லும் ஐடென்டிட்டீஸ்ஒன்லி என்ற அமைப்பை யெஸ் என்று வைத்தால் இது தீரும். அதைத் தருவதற்கான பொது ஆப்ஷன் சிறிய ஓ.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே தருவதற்கு எஸ்எஸ்எச்சில் ஓர் ஆப்ஷனும் இல்லை. விண்டோஸ் பயனர்களுக்குப் பழக்கமான புட்டியுடன் வரும் பிளிங்க் நிரலில் அப்படி ஒன்று இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் அதைத் தெரிந்தே தவிர்த்தது. லினக்ஸில் ஒரு நிரல் எந்தெந்தச் சொற்களோடு தொடங்கப்பட்டது என்பதைப் பிஎஸ் கட்டளை மூலம் அதே கணினியில் உள்ள எவரும் வழக்கமாகப் பார்த்துவிடலாம். ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அந்த வரி தங்கிவிடும். தானாக ஓட வேண்டிய வேலைகளுக்குச் சாவிதான் வழி.

பெரிய ஏ, ஏஜென்ட்டை மறுமுனைக்கும் நீட்டித் தருகிறது. அங்கிருந்து மூன்றாவது கணினிக்குப் போகும்போது கையிலுள்ள சாவியையே பயன்படுத்தலாம். வசதிதான், ஆனால் இணைப்பு திறந்திருக்கும்வரை, மறுமுனைக் கணினியின் ரூட் பயனர் அந்த ஏஜென்ட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள முடியும். சாவி அவர் கைக்குப் போகாது. சாவியால் திறக்கக்கூடிய கதவுகளை அவர் திறந்துகொள்ளலாம். வாயில் கணினியைக் கடக்க மட்டுமே இது தேவைப்பட்டால் பெரிய ஜே பாதுகாப்பானது.

அங்கே என்ன செய்ய

கணினியின் பெயருக்குப் பின் ஒரு கட்டளையை எழுதினால், எஸ்எஸ்எச் அதை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் மேற்கோள்குறி. ஆண்டு அறிக்கை என்று இடையில் இடைவெளியுள்ள பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை அழிக்க ஆர்எம் கட்டளையோடு அந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள் எழுதுகிறார் ஒருவர். அந்தக் குறிகளை இங்குள்ள ஷெல் உரித்துவிடும். மிஞ்சிய சொற்களை எஸ்எஸ்எச் ஒவ்வோர் இடைவெளி விட்டு ஒரே வரியாக்கி அனுப்பும். அங்குள்ள ஷெல் அதை மறுபடியும் சொல் சொல்லாகப் பிரிக்கும். விளைவாக, ஆண்டு என்ற கோப்பையும் அறிக்கை என்ற கோப்பையும் தனித்தனியாக அழிக்கும்படி ஆர்எம்முக்கு ஆணை போகிறது. ஒரு வரியை இரண்டு ஷெல்கள் படிக்கின்றன என்பதை நினைவில் வைத்து, கட்டளை முழுவதையும் இன்னொரு மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். நட்சத்திரக் குறிக்கும் இதே விதி. குறிக்குள் வைக்காவிட்டால், அங்குள்ள கோப்புகளுக்கு விரிய வேண்டியது இங்குள்ள கோப்புகளுக்கு விரிந்துவிடலாம்.

கட்டளை தந்து நுழையும்போது எஸ்எஸ்எச் மறுமுனையில் டெர்மினல் ஒதுக்குவதில்லை. கோப்புப் பட்டியல் பார்க்க அது தேவையில்லை. டாப், விம் போன்ற திரை முழுதும் வரையும் நிரல்களுக்கும், கடவுச்சொல் கேட்கும் சுடோவுக்கும் தேவை. அவற்றுக்குச் சிறிய டி தந்து டெர்மினலைக் கேட்டுப் பெற வேண்டும். இங்கேயே டெர்மினல் இல்லாத ஸ்கிரிப்ட்டிலிருந்து கேட்பதானால் சிறிய டியை இரண்டு முறை தர வேண்டும். மறுமுனையிலிருந்து ஒரு சுருக்கக் கோப்பையோ படத்தையோ குழாய் வழியாகக் கொண்டுவரும்போது சிறிய டி கூடாது. டெர்மினல், வரி முடிவுகளைத் தன் வழக்கப்படி மாற்றுவதால் கோப்பு கெட்டுவிடும். டெர்மினல் வேண்டவே வேண்டாம் என்பதற்குப் பெரிய டி.

பல சர்வர்களின் பெயர்களை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளையை ஓட்டும் ஸ்கிரிப்ட், முதல் சர்வரோடு நின்றுபோவது நிர்வாகிகள் பலருக்கும் நேர்ந்தது. ஸ்கிரிப்ட் பெயர்களைப் படிக்கும் அதே உள்ளீட்டை எஸ்எஸ்எச்சும் படிக்கிறது. மீதிப் பெயர்களை முதல் இணைப்பே விழுங்கிவிடுகிறது. சிறிய என் தந்தால் எஸ்எஸ்எச் அந்த உள்ளீட்டைத் தொடாது, பட்டியல் கடைசிவரை ஓடும்.

மறுமுனைக் கட்டளை எந்த எண்ணோடு முடிந்ததோ அதே எண்ணோடு எஸ்எஸ்எச்சும் முடியும். இணைப்பிலேயே பிழை என்றால் 255. இந்த வேறுபாட்டைப் பார்க்கும் ஸ்கிரிப்ட், வேலை தோற்றதா, கணினியை எட்டவே முடியவில்லையா என்று பிரித்து அறியும்.

சுரங்கப்பாதைகள்

எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்றுக்குள் வேறு நிரல்களின் போக்குவரத்தையும் செலுத்தலாம். பெரிய எல், பெரிய ஆர், பெரிய டி ஆகிய மூன்றும் இதற்கானவை. மூன்றாவதன் எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும்: தமிழில் ஒரே மாதிரி எழுதப்பட்டாலும், டெர்மினலுக்குரியது ஆங்கில வரிசையில் இருபதாவது எழுத்து, சுரங்கத்துக்குரியது நான்காவது.

பெரிய எல்லுக்கு முக்காற்புள்ளியால் பிரித்த மூன்று மதிப்புகள் வேண்டும்: இங்குள்ள போர்ட், சேர வேண்டிய கணினி, அதன் போர்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு சர்வரில் 5432ஆம் போர்ட்டில், அந்தச் சர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும் பதில் சொல்லும்படி பாதுகாப்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. பெரிய எல்லுக்குப் பின் 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432 என்று எழுதி நுழைந்தால், இந்தக் கணினியின் 5433இல் இணையும் எந்த நிரலும் அந்தத் தரவுத்தளத்தை அடையும். நடுவிலுள்ள லோக்கல்ஹோஸ்ட் என்பது இந்தக் கணினி அல்ல, சர்வர். அந்தப் பெயரை மறுமுனைதான் பார்த்துப் பொருள்கொள்கிறது. புதிதாகப் பயன்படுத்துவோரின் குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பெரிய ஆர் இதன் எதிர்த்திசை. சர்வரில் ஒரு போர்ட்டைத் திறந்து, அங்கு வருபவர்களை இந்தக் கணினிக்குக் கொண்டுவரும். சர்வரின் வழக்கமான அமைப்பில் அந்தப் போர்ட் சர்வருக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளியாருக்கும் திறக்க வேண்டுமானால் சர்வர் நிர்வாகி அனுமதிக்க வேண்டும். நான்காவது எழுத்தான பெரிய டி, போகுமிடத்தை முன்கூட்டிச் சொல்லாமல் சாக்ஸ் ப்ராக்ஸி ஒன்றை இங்கே திறக்கிறது. பிரவுசரை அதற்குத் திருப்பினால் அதன் போக்குவரத்து சர்வர் வழியாக வெளியேறும்.

சுரங்கம் மட்டும் போதும், ஷெல் வேண்டாம் என்றால் பெரிய என். பின்னணிக்குப் போய்விடு என்றால் சிறிய எஃப். கடவுச்சொல் கேட்க வேண்டியிருந்தால் அதைக் கேட்டு முடித்த பிறகே பின்னணிக்குப் போகும். இரண்டும் சேர்ந்து வரும்போது ஓர் ஆபத்து உண்டு. இங்குள்ள போர்ட் ஏற்கெனவே வேறொரு நிரலிடம் இருந்தால் சுரங்கம் அமையாது. ஆனால் இணைப்பு மட்டும் அமைந்து பின்னணியில் சும்மா நிற்கும். எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் என்ற அமைப்பை யெஸ் ஆக்கினால், சுரங்கம் அமையாதபோது எஸ்எஸ்எச் பிழையோடு வெளியேறிவிடும்.

மறுமுனையில் ஓடும் வரைகலை நிரலின் சாளரத்தை இங்கே காணப் பெரிய எக்ஸும் பெரிய ஒய்யும் உள்ளன. இரண்டாவது, மறுமுனை நிரலுக்குக் கட்டுப்பாடில்லாத அணுகலைத் தருவதால் நம்பகமான சர்வருக்கு மட்டுமே உரியது. பெரிய சி போக்குவரத்தைச் சுருக்கி அனுப்பும். மெதுவான இணைப்பில் பயன் தரும், வேகமான நெட்வொர்க்கில் சுருக்குவதற்கு ஆகும் நேரமே சுமையாகும்.

சிறிய ஓவும் அமைப்புக் கோப்பும்

ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் எழுத்து என்றால் எழுத்துகள் போதா. அதனால் அமைப்புக் கோப்பில் எழுதக்கூடிய எதையும் சிறிய ஓவுக்குப் பின் பெயர், சமக்குறி, மதிப்பு என்று கட்டளை வரியில் எழுதலாம். கனெக்ட்டைம்அவுட் இணைப்புக்காக எத்தனை வினாடி காத்திருப்பது என்று சொல்லும். பேட்ச்மோட் யெஸ் என்றால் கடவுச்சொல் கேட்டு நிற்காது. இரவில் தானாக ஓடும் வேலைகளுக்கு இது அவசியம். சர்வர்அலைவ்இன்டர்வெல், சர்வரிடமிருந்து இத்தனை வினாடி எதுவும் வராவிட்டால் ஒரு குரல் கொடுத்துப் பார்க்கச் சொல்லும். பேசாத இணைப்பைத் துண்டித்துவிடும் ஃபயர்வால்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு 60 என்ற மதிப்பு பெரிய உதவி.

ஒரே அமைப்பு பல இடங்களில் சொல்லப்பட்டால் முந்தியது வெல்லும். முதலில் கட்டளை வரி, அடுத்து பயனரின் கான்ஃபிக் கோப்பு, கடைசியில் கணினி முழுவதற்குமான கோப்பு. பொதுவாக முதலில் கிடைத்த மதிப்பே நிலைக்கும், பின்னால் வருவது அதை மாற்றாது. ஆகவே கான்ஃபிக் கோப்பில் குறிப்பிட்ட கணினிக்கான பகுதி மேலேயும் எல்லோருக்கும் பொதுவான பகுதி கீழேயும் இருக்க வேண்டும். வேறொரு கோப்பைப் படிக்கச் சொல்வது பெரிய எஃப். அப்போது கணினி முழுவதற்குமான கோப்பும் படிக்கப்படாது.

தினமும் நுழையும் சர்வருக்குப் பெயர், போர்ட், பயனர், சாவி எல்லாவற்றையும் ஒருமுறை கான்ஃபிக் கோப்பில் எழுதிவைத்தால் கட்டளை மீண்டும் இரண்டு சொற்களாகிவிடும். எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, கிட் ஆகியவையும் அதே கோப்பின் பலனைப் பெறும். பெரிய பி, சிறிய பி குழப்பமும் போய்விடும்.

கோளாறு பார்க்க

இணைப்பு கிடைக்காதபோது முதலில் தட்ட வேண்டியது சிறிய வி. எந்தக் கோப்பைப் படித்தது, எந்த முகவரிக்குப் போனது, எந்தச் சாவிகளை நீட்டியது, சர்வர் என்ன சொன்னது என்று ஒவ்வொரு படியையும் எஸ்எஸ்எச் எழுதிக்காட்டும். மூன்று முறை வரை அடுக்கலாம், அடுக்க அடுக்க விவரம் கூடும். பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒன்றே போதும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பவர் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். காத்திருந்து நேரம் தீர்ந்தால் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது என்றோ முகவரி தவறு என்றோ கொள்ளலாம். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் பாதை சரி, சாவியையோ பயனர் பெயரையோ பார்க்க வேண்டும்.

பெரிய ஜி இணைக்காமலேயே, எல்லா இடங்களையும் பார்த்து முடிவாகும் அமைப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும். கோப்பில் எழுதியது ஏன் நடப்புக்கு வரவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை. பெரிய வி பதிப்பு எண்ணையும், பெரிய கியூ அந்தப் பதிப்பு ஏற்கும் மறைகுறியாக்க முறைகளையும் சொல்லும். இணைப்பின் நடுவே நெட்வொர்க் அறுந்து திரை உறைந்துவிட்டால், என்டர் தட்டி, அலைக்குறியும் புள்ளியும் தட்டினால் எஸ்எஸ்எச் வெளியேறும். அலைக்குறிக்குப் பதில் வேறு குறி வேண்டுமானால் சிறிய இ.

காவலைத் தளர்த்தும் ஆப்ஷன்கள்

முதன்முறை நுழையும் கணினியின் சாவிக் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கிறது. ஏற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறது. அடுத்த முறை சாவி மாறியிருந்தால் பெரிய எச்சரிக்கையோடு நின்றுவிடுகிறது. சர்வரை மறுபடி நிறுவியிருக்கலாம். நடுவில் ஒருவர் சர்வர் வேடத்தில் நிற்கவும் கூடும். இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க, ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் என்பதை நோ ஆக்கி, எழுதி வைக்கும் கோப்பை வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பும் வரி ஸ்கிரிப்ட்டுகளில் தாராளமாகப் புழங்குகிறது. அதன் பிறகு வேடதாரியை அடையாளம் காண எஸ்எஸ்எச்சுக்கு வழியே இல்லை. அவரிடமே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். எந்தத் திருட்டைத் தடுக்க 1995இல் இந்த நிரல் எழுதப்பட்டதோ அதற்கே கதவு திறக்கிறது. 2017இல் 7.6 பதிப்பு தந்த அக்செப்ட்-நியூ என்ற மதிப்பு, புதிய கணினிகளைக் கேட்காமல் ஏற்கும், மாறிய சாவியை மறுக்கும். ஸ்கிரிப்ட்டுகளுக்கு அதுவே தக்கது.

ஆப்ஷன்களின் வலிமையை 2017 ஆகஸ்டில் வெளியான கிட் பாதிப்பு வேறொரு கோணத்தில் காட்டியது. களஞ்சியம் ஒன்றின் முகவரியில் கணினியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சிறு கோட்டில் தொடங்கி, சிறிய ஓவும் ப்ராக்ஸிகமாண்ட் என்ற அமைப்பும் எழுதப்பட்டால், கிட் அதை அப்படியே எஸ்எஸ்எச்சிடம் கொடுத்தது. எஸ்எஸ்எச் அதைப் பெயராகப் பார்க்காமல் ஆப்ஷனாகப் பார்த்தது. பயனரின் கணினியிலேயே தாக்குபவரின் கட்டளை ஓடியது. கிட் 2.14.1இல் இது திருத்தப்பட்டது. மெர்க்கூரியலும் சப்வெர்ஷனும் இதே பாதிப்புக்காகத் திருத்தப்பட்டன. பிறர் தரும் பெயரை ஸ்கிரிப்ட்டில் பயன்படுத்துபவர்கள், அது கோட்டில் தொடங்குகிறதா என்று சோதித்து, அதன் முன் இரட்டைக் கோட்டையும் வைக்க வேண்டும்.

கட்டளை வரியில் எழுதுவது மற்ற எல்லா அமைப்புகளையும் மீறுகிறது. அதனால் எப்போதும் வேண்டியதைக் கான்ஃபிக் கோப்பில் எழுதுவதும், இந்த ஒரு முறைக்கான விதிவிலக்கை மட்டும் கட்டளை வரியில் தருவதும் நல்ல பழக்கம். காவலைத் தளர்த்தும் ஆப்ஷன், சோதனைக்காகத் தட்டியதாயினும் ஸ்கிரிப்ட்டுக்குள் தங்கக் கூடாது. வேறொருவர் எழுதிய வரியை எடுத்து ஒட்டுமுன், அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் மேன் எஸ்எஸ்எச் என்று தட்டிக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.